ஆறு திருகு பின்கள்

"கட்டிலுக்குப் பாவாடை கட்டுற காலமும் வந்தாச்சு. இனி மேசைக்கு ரவிக்கை தைப்பாங்களா சார்?"

ஷிஜா கேட்டதற்கு வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவருடைய அலுவலகம். ஜன்னலோரம் நின்று, போலீஸ் எடுத்த ஒரு போட்டோவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

குற்றப்பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஷிஜா அதே தெருவில் ஒரு திரைச்சீலைக் கடையில் பத்து வருஷம் நின்றவள். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் வாய் சும்மா இருக்காததால் அந்த வேலை போயிற்று. அதே வாய்க்காகத்தான் வேதமாணிக்கம் அவளைச் சேர்த்துக்கொண்டார். சாட்சிகள் அவரிடம் பயந்து மறைப்பதை அவளிடம் சிரித்துக்கொண்டே கொட்டிவிடுவார்கள்.

போட்டோவில் ஒரு தேக்குக் கட்டில். மெத்தையைச் சுற்றிலும் தரை வரைக்கும் தொங்கும் சந்தன நிறத் துணி, சுருக்கம் சுருக்கமாகத் தைத்தது. ஜன்னல் பக்கம் மட்டும் துணி அவிழ்ந்து தரையில் சரிந்து கிடந்தது.

அந்தக் கட்டிலில் மூன்று வருஷமாகப் படுத்திருந்தவர் ராஜையன். போக்குவரத்துக் கழக டிப்போவில் கன்ட்ரோலராக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தாறு வயது. பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு பாதி போய்விட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்சிங் ஏஜென்சி ஒன்று அனுப்பிய ஆள் சுடலைக்கண்ணு, சங்கரன்கோவில் பக்கத்துக்காரன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தி ஆர்யாவுக்கு வீட்டில் நிச்சயதார்த்தம். எல்லோரும் ஹாலில் இருந்த நேரத்தில் ராஜையன் கட்டிலிலிருந்து விழுந்து, தலை தரையில் மோதி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சுடலைக்கண்ணு துணியைச் சரியாகக் குத்தவில்லை, கால் அதில் சிக்கித்தான் அப்பா விழுந்தார் என்று மகன் அனில் புகார் கொடுத்தார். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. போதாததற்கு 'இந்த ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள்' என்று சுடலைக்கண்ணுவின் படம் ஊரிலுள்ள அத்தனை ஏஜென்சிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது.

அவனை அனுப்பிய ஏஜென்சிதான் வேதமாணிக்கத்திடம் ரிப்போர்ட் கேட்டிருந்தது.

"ஏஜென்சி ஓனர் காலையில போன்ல விளிச்சாரு," என்றாள் ஷிஜா. "ரெண்டு வரி மதியாம், அதுவே போதுமாம். 'ஆள் பேரில் தப்பு, ஏஜென்சி பேரில் தப்பில்லை.' அவரே எழுதி வச்சாச்சு போல. நம்ம கையெழுத்துதான் பாக்கி."

"போலீஸ் மகசர்ல எத்தனை பின்னுன்னு எழுதியிருக்கு?"

"பதினெட்டு."

"சுடலை என்ன சொன்னான்?"

"பாக்கெட்டுல இருபத்தி நாலு இருந்துச்சு, இருபத்தி நாலையும் குத்தினேன்னான். வேற ஒண்ணும் பேசல."

"அப்போ ஆறு பின்னு எங்க?"

"குத்தலைன்னு வைங்க. பொய் சொல்லுதான்."

"குத்தாத பின்னு பாக்கெட்டுலயாவது இருக்கணும்லா. போலீஸ் எடுத்த பாக்கெட் காலி. தரையிலயும் ஒண்ணும் கெடைக்கல." வேதமாணிக்கம் போட்டோவை மேசைமேல் வைத்தார். "வா, பிச்சைக்கனி கடைக்குப் போவோம்."

பிச்சைக்கனியின் கடை நாலு கடை தள்ளி. தலையணை உறை, திரைச்சீலை வளையம், மெத்தை நாடா எல்லாம் விற்கிற கடை. அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பின்னை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பட்டன் மாதிரி கண்ணாடித் தலை. கீழே பன்றி வால் போலச் சுருண்ட கம்பி.

"இதுக்குப் பேரு திருகு பின்னு. துணி மேல வச்சு மெத்தைக்குள்ள திருகிவிடணும். சாதா பின்னு வழுக்கிட்டு வரும், இது வராது."

"இழுத்தா?" என்றார் வேதமாணிக்கம்.

"இழுத்துப் பாருங்களேன்."

பிச்சைக்கனி ஒரு குஷனில் துணித்துண்டை வைத்து இரண்டு பின்னைத் திருகினார். ஷிஜா துணியைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். வரவில்லை. காலைக் குஷன்மேல் ஊன்றி மறுபடி இழுத்தாள். சர்ரென்று துணி கிழிந்தது. பின் இரண்டும் குஷனிலேயே நின்றன. ஒன்று மட்டும் வளைந்திருந்தது.

"குஷனுக்கு நீங்கதான் பொறுப்பு," என்றார் பிச்சைக்கனி.

வேதமாணிக்கம் வளையாத பின்னை எடுத்து இடப்பக்கமாகத் திருகினார். மூன்று சுற்றில் சத்தமில்லாமல் கழன்று வந்தது. குஷனில் கடுகளவு ஓட்டை; அவ்வளவுதான்.

"இழுத்தா கிழியும். திருகினாத்தான் கழலும்," என்றார் அவர்.

ஷிஜாவின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "போட்டோவில துணி கிழியல சார்."

"அதைத்தான் காலையிலேருந்து பாக்கேன். ஆறு பின்னை யாரோ உக்காந்து ஒண்ணொண்ணா திருகிக் கழட்டியிருக்கான். கழட்டினதை எடுத்துட்டும் போயிருக்கான்."

அவளுடைய ஸ்கூட்டரில் கரமனைப் பாலத்தைக் கடந்து பாப்பனங்கோட்டிலிருந்த ராஜையன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷிஜா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தாள். "மகன்தான் சார். தள்ளி விட்டுட்டு, அப்புறம் துணியைக் கழட்டிப் போட்டிருக்கான். வீடு யாரு பேர்ல இருக்குன்னு பாக்கணும்."

வேதமாணிக்கத்துக்கும் அதே சந்தேகம்தான்.

அனில் வாசலிலேயே நின்றிருந்தார். வங்கியில் அதிகாரி, ஐம்பதைத் தொடும் வயது, தூங்காத கண்கள். அவர் மனைவி லிபி காபி கொண்டுவந்து வைத்தாள். உள்வாசல் திரைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று எட்டிப்பார்த்தாள். விரலில் புது மோதிரம். ஆர்யாவாக இருக்கும் என்று வேதமாணிக்கம் நினைத்துக்கொண்டார்.

"பாருங்க சார், நல்லா பாருங்க," என்றார் அனில். "அன்னைக்குப் பூட்டின ரூம். எங்களுக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. ஒரு மனுஷனை நம்பி விட்டோம், அவன் இப்படிப் பண்ணிட்டான்."

அறையைத் திறந்ததும் டெட்டால் வாசனை. கட்டில் போட்டோவில் இருந்தபடியே இருந்தது. ஷிஜா குனிந்து மெத்தையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஆறு ஓட்டை. கிழிசலே இல்ல."

"எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம். தலமாட்டுலேருந்து இடுப்பு வரைக்கும். கால்மாட்டுல எல்லாப் பின்னும் அப்படியே இருக்கு சார்."

வேதமாணிக்கம் அனில் பக்கம் திரும்பினார். "கால் சிக்கி விழுந்தாருன்னு சொன்னீங்க. கால் பக்கம் துணி அசையவே இல்லையே. தலைப் பக்கம்லா அவிழ்ந்திருக்கு."

அனில் லிபியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்," என்று லிபி எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"அப்போ இறங்குறவர் அந்தப் பக்கம்தான இறங்கணும். ஜன்னல் பக்கம் அவருக்கு என்ன வேலை?"

ஷிஜா அவர் காதருகே வந்து, "நான் சொன்னேன்ல?" என்று முணுமுணுத்தாள். வேதமாணிக்கம் செருப்பைக் கழற்றினார். யாரிடமும் அனுமதி கேட்காமல், இறந்தவரின் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார்.

"அய்யோ, எந்தா சார் இது!" என்றாள் ஷிஜா.

அவர் தன் வலது கையை முதுகுக்கு அடியில் கொடுத்துக்கொண்டார். வலது காலை அசைக்காமல் வைத்தார். இடது கை ஒன்றுதான் மிச்சம். அந்தக் கை போகிற பக்கம் ஜன்னல் பக்கம். கையை மெத்தையின் ஓரத்துக்குக் கீழே விட்டு, தலையிலிருந்து இடுப்பு வரை தடவினார். எட்டும் தூரம் சரியாக அவ்வளவுதான். ஆறாவது ஓட்டையோடு விரல் நின்றுவிட்டது.

"ஷிஜா, ஓட்டையில ஒரு பின்னைத் திருகிவை."

பிச்சைக்கனி கடையில் எடுத்து வந்த பின்னை அவள் திருகிவைத்தாள். வேதமாணிக்கம் கண்ணால் பார்க்காமல், ஒரே கையால், அதைக் கழற்ற முயன்றார். வழுவழுப்பான தலை விரலுக்குள் நிற்கவில்லை. இரண்டு முறை நழுவியது. கழன்று வந்தபோது அவர் கழுத்து வியர்த்திருந்தது.

ஒரு பின்னுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலே. இத்தனைக்கும் வேதமாணிக்கத்தின் உடம்பு நோய் படாதது.

"கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாரு," என்றார் படுத்தபடியே. குரல் மாறிவிட்டது.

ஷிஜா போன் வெளிச்சத்தை அடித்தாள். "டயப்பர் பெட்டி. பேசின். அப்புறம்... யூரின் பாட்டில் ஒண்ணு. உருண்டு அந்தக் கால் வரைக்கும் போயிருக்கு."

வேதமாணிக்கம் எழுந்து உட்கார்ந்தார். யாரோ தள்ளினான் என்று நினைத்துக்கொண்டு வந்த வழி முழுதும் வீண். இந்த அறைக்குள் அந்த நேரத்தில் வேறு யாரும் வரவே இல்லை.

"பாட்டில் சாதாரணமா எங்க இருக்கும்?" என்றார்.

பதில் திரைப்பக்கமிருந்து வந்தது. "கட்டிலுக்குக் கீழ, ஜன்னல் பக்கம். தாத்தா தானே எடுத்துக்குவாரு." ஆர்யா உள்ளே வந்துவிட்டிருந்தாள். "அதுக்கு மட்டும் யாரையும் கூப்பிட மாட்டாரு. அது ஒண்ணுதான் அவரே பண்ணுறதுன்னு..."

"ஆர்யா, நீ அகத்துப் போ," என்றாள் லிபி.

அவள் போகவில்லை.

"இந்தத் துணி எப்போ கட்டினது?" என்று வேதமாணிக்கம் லிபியைக் கேட்டார்.

"அன்னைக்குக் காலையில. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டீ குடிச்சிட்டு அப்பச்சனைப் பாக்க உள்ள வருவாங்க சார். கட்டிலுக்கு அடியில பேசினும் பாட்டிலுமா... நாலு பேரு பாக்க நல்லாவா இருக்கும்? ஒரு மணி நேரத்துக்குத்தான்."

"சுடலை ஒண்ணும் சொல்லலையா?"

லிபி தரையைப் பார்த்தாள். "சாருக்குப் பாட்டில் எட்டாதேன்னான். ஒரு மணி நேரம்தானேன்னு நான்தான் சொன்னேன்."

கட்டிலின் தலைப்பலகையில் சதுரமாக ஒரு பசைக்கறை. வேதமாணிக்கம் அதில் விரலை வைத்தார். "இங்க என்ன இருந்துச்சு?"

"காலிங் பெல். பேட்டரி தீந்துபோச்சு, அதனால—"

"அம்மா எடுத்து வச்சாங்க," என்றாள் ஆர்யா. "அவங்க இருக்கும்போது சும்மா சும்மா அடிக்கப்போறாருன்னு."

ஹாலில் நாற்காலிகள் நகரும் சத்தம் ராஜையனுக்குக் கேட்டிருக்கும். டீ முடிந்து இப்போது வருவார்கள், இதோ வருவார்கள் என்று தெரிந்திருக்கும். நனைந்த வேட்டியோடு பேத்தியின் மாப்பிள்ளையை ஆசீர்வதிக்க அவருக்கு மனமில்லை. பெல் இல்லை. ஆள் இல்லை. இருந்தது ஒரு கையும், ஆறு பின்களும். ஆறையும் கழற்றித் துணியைத் தள்ளிவிட்டு, பாட்டிலை எடுக்க ஒரு சாண் கூடுதலாகச் சாய்ந்திருக்கிறார்.

"கழட்டின பின்னு எங்கன்னுதான் தெரியல," என்றாள் ஷிஜா மெதுவாக.

"விழுந்தப்போ என்ன போட்டிருந்தாரு?"

"காக்கிச் சட்டை," என்றாள் ஆர்யா. "ரெண்டு பை வச்சது. டிப்போவில போட்ட மாதிரியேதான் கடைசி வரைக்கும் தச்சுப் போட்டுக்குவாரு."

"அந்தச் சட்டை?"

"ஆஸ்பத்திரியிலயே தூக்கிப் போட்டாச்சு," என்றார் அனில் அவசரமாக.

ஆர்யா அப்பாவைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றோடு வந்தாள். உள்ளே மடித்த காக்கிச் சட்டை. இடதுபக்கப் பையின் பட்டன் போட்டிருந்தது. வேதமாணிக்கம் பட்டனைக் கழற்றிப் பையைக் கவிழ்த்தார். கண்ணாடித் தலையுள்ள ஆறு பின்கள் மெத்தைமேல் விழுந்தன.

கழற்றிய பின்னை மெத்தையில் போட்டால் யாருக்காவது குத்தும். ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, அந்த நிலைமையிலும் ஒரு கையால் பட்டனையும் போட்டிருக்கிறார் மனுஷர்.

"ஆம்புலன்ஸ்ல தாத்தாவைப் பிடிச்சிட்டு வந்தப்போ என் கையில குத்திச்சு," என்றாள் ஆர்யா. "அன்னைக்கே அப்பாகிட்ட சொன்னேன்."

அனில் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று வேதமாணிக்கம் எதிர்பார்த்தார். அழவில்லை. கோபமாகத்தான் பேசினார்.

"நான் என்ன சார் எழுதிக் கொடுப்பேன்? எங்க அப்பா ஒண்ணுக்குப் போக முடியாம செத்துப்போனாருன்னு எழுதிக் கொடுக்கவா? அடுத்த ரூம்ல நாங்க லட்டு தின்னுட்டு இருந்தோம்னு எழுதவா? அவன் வெளியூர்க்காரன். ஒரு கேஸ்னா நாலு நாள்ல ஊருக்குப் போயிடுவான்னு நெனச்சேன்."

"போகல," என்றார் வேதமாணிக்கம். "இங்கதான் இருக்கான்."

சட்டையைத் தான் கொண்டுபோகலாமா என்று அவர் ஆர்யாவிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள். அனில் தடுக்கவில்லை. படி இறங்கும்போது உள்ளே லிபி மகளிடம், "உன் கல்யாணத்துக்காகத்தானேடீ எல்லாம்," என்று சொல்வது கேட்டது.

கரமனையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேதமாணிக்கம் ரிப்போர்ட்டை எழுதினார். ஷிஜா சட்டையையும் பின்களையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே தேதி எழுதினாள். பிறகு ஏஜென்சி ஓனரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்போ எங்க ஆள் மேல தப்பில்லைன்னு சொல்லுறீங்க. நல்ல விஷயம் சாரே," என்றது மறுமுனை. "நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்க. எங்க வக்கீல் பாத்துக்குவாரு."

"அவனை மறுபடி வேலைக்கு எடுப்பீங்கள்ல?"

"அது கஷ்டம். போட்டோ எல்லா குரூப்பிலயும் போயாச்சு. பாக்கிறவங்க ரிப்போர்ட் வாசிக்க மாட்டாங்க, முகத்தைத்தான் பாப்பாங்க. மனசிலாயில்லே?"

ஷிஜா போனை அணைத்தாள். ஏதாவது கிண்டலாகச் சொல்வாள் என்று வேதமாணிக்கம் காத்திருந்தார். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

சுடலைக்கண்ணு சாலைக் கடைத்தெருவில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது ஆளுக்கு அது புது வேலை. மூட்டையைத் தோளில் வாங்கும்போது முதுகு நெளிந்தது. ஆளைத் தூக்கிப் பழகிய கை, மூட்டையையும் கீழே போடாமல் மெல்ல இறக்கி வைத்தது. இவர்களைக் கண்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

வேதமாணிக்கம் எல்லாவற்றையும் சொன்னார். பெல், பாட்டில், ஆறு பின்கள், பட்டன் போட்ட பை.

"பட்டன் போட்டிருந்தாரா?" என்று மட்டும் கேட்டான் சுடலைக்கண்ணு. "அவருக்கு நான்தான் போட்டுவிடுவேன். தன்னால போட வராதுன்னு இருந்தேன் சார்."

"வழக்கு நிக்காது. உன் மேல தப்பு இல்லைன்னு எழுதியிருக்கேன்."

அவன் சந்தோஷப்படவில்லை. லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு கேட்டரிங்ல ஒரு பையன் வரல சார். லிபி அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து டிரேயைப் பிடிக்கச் சொன்னாங்க. நான் ஹால்ல நின்னேன். ராஜையன் சாருக்கு என் பேரு முழுசா வராது. 'தலே'ன்னுதான் கூப்பிடுவாரு."

"சரி."

"ரெண்டு தடவ கூப்பிட்டாரு. கேட்டுச்சு சார். யாருக்கும் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. மூணு வருஷமா அந்தச் சத்தத்துக்குத்தானே முழிச்சேன். லிபி அம்மாவைப் பாத்தேன். அவங்க கண்ணாலயே நில்லுன்னாங்க. டிரேயில கேக்கு இருந்துச்சு. இன்னும் நாலு பேருக்குக் கொடுக்கணும். கொடுத்துட்டுப் போவோம்னு நின்னுட்டேன்."

தெருவில் ஒரு தள்ளுவண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"போலீஸ்ல இதை ஏன் சொல்லல?" என்றாள் ஷிஜா.

"சொன்னா அவங்க மேலதான எழுதுவாங்க. நின்னது நான்லா." அவன் நிமிர்ந்து வேதமாணிக்கத்தைப் பார்த்தான். "இதையும் ரிப்போர்ட்டுல எழுதணும் சார். கூப்பிட்டது கேட்டுச்சு, போகலன்னு எழுதுங்க."

சாட்சி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட வேதமாணிக்கம் அந்த இருபத்தாறு வருஷத்தில் விட்டு எழுதியதில்லை. அதற்காகவே மேலதிகாரிகளைப் பகைத்துக்கொண்டவர்.

"ரிப்போர்ட் கொடுத்தாச்சு சுடலை," என்றார்.

ஷிஜா, ரிப்போர்ட் இருந்த தோள்பையை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

சுடலைக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கொடுத்தா என்ன சார், இன்னொண்ணு எழுதிக் கொடுக்கலாம்லா?"

லாரிக்காரன் சத்தம் போட்டான். சுடலைக்கண்ணு துண்டைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போய், அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.